இசையாக்கியும் அதன் மின்னூட்டமும்

(மன்ற அங்கத்தவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தலைப்பைக் கேட்ட அளவிலே சிலருக்கு வியப்பைத் தந்திருக்கும். சமயமும் பண்பாடும் பேசும் மேடையிலே மின்கம்பிக்கும் பற்றாசுக்கோலுக்கும் என்ன வேலை என்று மூத்தோர் எண்ணுதல் இயல்பே. ஆயினும் நாதத்தை வணங்கும் மரபு நம்முடையது. கோயிலில் நாதசுரம் எழுமுன் ஒத்து ஒலிக்கின்றது. பண்ணிசை தொடங்குமுன் சுருதிப்பெட்டி திறக்கப்படுகின்றது. சுருதி சேராத பாட்டை எத்துணைப் புலமையோடு பாடினாலும் சபை ஏற்பதில்லை. மின்னிசைக் கருவிக்கும் அத்தகைய ஒரு சுருதி உண்டு. அதற்கு உள்ளே ஊட்டப்படும் மின்சாரத்தின் வோல்ற்றளவே அது. அந்த அடிப்படை தளர்ந்தால் மேலே உள்ள யாவும் தளரும். ஆகவே கருவி பிழைத்தால் முதலில் அடியைப் பார்க்கவேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம்.

சிந்தசைசர் என்று இளைஞர் சொல்லும் கருவியை நாம் இங்கே இசையாக்கி என்று வழங்குவோம். வீணையிலே தந்தி அதிர்கின்றது. குழலிலே காற்று அதிர்கின்றது. இசையாக்கியிலே மின்னோட்டமே அலையாக எழுந்து, வடிக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, ஒலிபெருக்கி வழியே நாதமாகின்றது. அமெரிக்க நாட்டவரான றொபேட் மூக் 1964 ஆம் ஆண்டில், ஹேபேட் டொய்ச் என்ற இசைஞரோடு கூடி, வோல்ற்றளவினாலே சுரத்தை ஆளும் கருவியை உருவாக்கினார். அந்த மூக்கும் வீட்டுப் பணிமேசையிலே வளர்ந்தவர்தாம். தந்தையாரோடு சேர்ந்து வீட்டிலே தெரமின் என்னும் மின்னிசைக் கருவிகளைச் செய்தார். 1954 ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதிலேயே, அக்கருவியைக் கட்டும் முறைபற்றி ஒரு வானொலிச் சஞ்சிகையிற் கட்டுரையும் எழுதினார். நம் அயல்நாடாகிய இந்தியாவுக்கும் இக்கருவி விரைவிலேயே வந்தது. 1969 ஆம் ஆண்டில் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் ரியூடர் என்ற இசைஞர் மூக் கருவியொன்றைக் கொண்டு ஒரு மின்னிசைக்கூடம் அமைத்தார். இன்று சிறு சில்லுகளும் சுற்றுப்பலகைகளும் மலிந்துவிட்டமையால் பாடசாலை மாணவரும் தம் வீட்டிலேயே இசையாக்கி கட்ட முயல்கின்றனர். இம்முயற்சி வரவேற்கத்தக்கது.

ஆனால் அம்முயற்சி முதல் வாரத்திலேயே ஒடிந்துபோவதும் உண்டு. சுற்றைக் கட்டி முடித்து, சுவிச்சைப் போட்டதும் ஒலி வராது. அல்லது வந்த ஒலி வழுக்கிக்கொண்டே போகும். அல்லது சுரத்துக்குப் பதிலாக ஒரே ரீங்காரம் எழும். உடனே இளைஞர் என்ன செய்கின்றனர்? அலையாக்கிப் பலகையைக் கழற்றுகின்றனர். சில்லுகளை மாற்றுகின்றனர். நன்றாகப் பிடித்திருந்த பற்றாசை மீண்டும் சூடாக்கிக் கெடுக்கின்றனர். ஈற்றில், "இது எனக்கு வராது" என்று பெட்டியைக் கட்டிலின் கீழே தள்ளிவிடுகின்றனர். இலை வாடியதற்கு இலையிலே நீர் தெளிப்பவரை ஒத்த செயல் இது. வேரைப் பார்த்தவர் எவருமில்லை.

வோல்ற்றளவு எத்துணை நுட்பமாகச் சுரத்தோடு பிணைந்துள்ளது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்வோம். மூக்கின் வழிவந்த பெரும்பாலான கருவிகளில் ஒரு வோல்ற் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். ஒரு ஸ்தாயியிலே பன்னிரண்டு சுரத்தானங்கள் உள்ளன. எனவே ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ளது ஏறத்தாழ 83 மில்லிவோல்ற் மாத்திரமே. நம் இசைநூலார் கூறும் நுண்சுருதிகளுள் பிரமாண சுருதி என்பது 81-க்கு 80 என்ற விகிதத்திலே பிறப்பது. அதனை வோல்ற்றளவாக மாற்றினால் 18 மில்லிவோல்ற் அளவே வரும். இனி, சுரத்தைத் திருத்தும் குமிழைப் 12 வோல்ற் கம்பியிலிருந்து நேராகத் தொடுத்து, அதனை நடுவிலே வைத்திருக்கின்றோம் எனக் கொள்வோம். அக்கம்பியின் வோல்ற்றளவு நூற்றில் ஒரு பங்கு, அதாவது 120 மில்லிவோல்ற் இறங்கினால், குமிழிலே 60 மில்லிவோல்ற் இறங்கும். சுரம் முக்கால் சுரத்தானம் கீழே போய்விடும். நூற்றில் ஒரு பங்கு ஒரு மின்விளக்கிலே கண்ணுக்குப் புலப்படாது. இசையிலோ சபையே முகஞ்சுளிக்கும்.

இங்கே பணயமாக நிற்பவை மூன்று. முதலாவது, உயிர். சுவரிலுள்ள செருகுமிடத்தில் 230 வோல்ற் ஆடலோட்டம் காத்திருக்கின்றது. அதற்கு இளையோர் மூத்தோர் என்ற வேறுபாடில்லை. இரண்டாவது, பொருள். ஒரு கம்பி மாறினால், மாதக் கணக்காகச் சேர்த்து வாங்கிய சில்லுகள் ஒரு விநாடியிலே கருகும். மூன்றாவது, இளைஞரின் தன்னம்பிக்கை. இம்மூன்றையும் காப்பது ஒழுங்கான அளவீடு ஒன்றே.

முதலில் மின்வழங்கி என்பதன் அமைப்பைப் பார்ப்போம். வீட்டிலே கட்டப்படும் இசையாக்கிகள் பெரும்பாலும் நேர் 12 வோல்ற், மறை 12 வோல்ற், இவற்றுக்கு நடுவே பூச்சியம் என மூன்று கம்பிகளை வேண்டுவன. ஒலியலை மேலும் கீழும் ஆடுவதால், பூச்சியத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டப்படுகின்றது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் இம்மூன்று கம்பிகளை அடைய ஐந்து படிகளைக் கடக்கின்றது. முதலாவது படி செருகியும் உருகியும் சுவிச்சும். இரண்டாவது படி திரான்ஸ்போமர் என்று கடையிலே கேட்டு வாங்கும் நிலைமாற்றி; அது 230 வோல்ற்றை 15 வோல்ற்றாக இறக்குகின்றது. நடுவிலே ஒரு முனை உள்ளமையால் இதனை 15-0-15 என்பர். மூன்றாவது படி டயோட் எனப்படும் இருவாயிகள் நான்கு; அவை ஆடலோட்டத்தை ஒரு திசைப்படுத்துகின்றன. நான்காவது படி பெரிய கொள்ளளவிகள் இரண்டு. கோயிற்கேணி மழைநீரைத் தேக்குதல்போல அவை மின்னைத் தேக்கி மேடுபள்ளத்தை நிரவுகின்றன. ஐந்தாவது படி றெகுலேற்றர் என்னும் நிலைநிறுத்திகள்; நேர்ப்பக்கத்துக்கு 7812, மறைப்பக்கத்துக்கு 7912. இவை எவ்வளவு வந்தாலும் 12 மாத்திரமே வெளியே விடுவன.

சோதிக்குமுன் காவல்விதிகளைக் கூறுதல் நம் கடமை. செருகி சுவரிலே இருக்கும்போது நிலைமாற்றியின் முதற்சுற்றுப் பக்கம் கைபோகக் கூடாது. சுவிச்சை நிறுத்துதல் போதாது. செருகியையே கழற்றி மேசைமேல், கண்ணுக்குத் தெரியும்படி வைக்கவேண்டும். 230 வோல்ற் ஓடும் மூட்டுகள் யாவற்றையும் காவலிக் குழாயினால் மூடவேண்டும். உலோகப் பெட்டியாயின் புவிக்கம்பியைப் பெட்டியோடு திருகாணியினால் இறுகப் பூட்டவேண்டும். 30 வோல்ற் அம்பியர் அளவுள்ள சிறு நிலைமாற்றிக்கு 250 மில்லியம்பியர் தாமத உருகி போதும். 13 அம்பியர்ச் செருகியிலுள்ள உருகியையும் 3 அம்பியராக மாற்றுக. வீட்டிலே றிப் சுவிச் உண்டே என்று எவரும் துணிதல் வேண்டாம். புவிக்குக் கசியும் மின்னையே அது அறியும். ஒரு கையிலே உயிர்க்கம்பியும் மறுகையிலே நொதுமற்கம்பியும் பட்டால், ஓடுவது மின்குமிழா மனிதரா என்று அதற்குத் தெரியாது. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது வேறு. ஆடலோட்டமே வெளிவிடும் 12 வோல்ற் அல்லது 15 வோல்ற் அடப்ரர் ஒன்றைக் கடையில் வாங்குக. 230 வோல்ற் அந்த மூடிய பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும். அதிலிருந்து இரண்டு இருவாயிகளைக் கொண்டு நேரும் மறையும் எடுக்கலாம். ஓட்டம் சிறிதாயினும் முதற்கருவிக்கு அது போதும். தாயாரும் நிம்மதியாக உறங்குவார்.

இன்னொன்று. செருகியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியிலே மின் தங்கியிருக்கும். அதனை ஒரு திருப்புளியினாற் குறுக்கிட்டுப் பொறிபறக்க வைப்பது வீரமன்று. ஒரு 1000 ஓம் தடையை இரு முனைகளுக்கும் இடையே அரை நிமிடம் பிடித்து, மீற்றரிலே பூச்சியம் கண்டபின் கைவைத்தல் அறிவுடைமை.

இனி அளக்கும் கருவியை அளப்போம். பன்மானி, அதாவது மல்ரிமீற்றர், எப்போதும் மெய்யே சொல்லும் என்று நம்புதல் கூடாது. அதன் உள்ளே இருக்கும் மின்கலம் தளர்ந்தால் சில மலிவான மீற்றர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். புதிய 1.5 வோல்ற் மின்கலம் ஒன்றை அளந்து பாருங்கள். 1.5-க்கும் 1.6-க்கும் இடையே காட்டினால் மீற்றரை நம்பலாம். 1.9 காட்டினால் முதலில் மீற்றருக்கு வைத்தியம் செய்க. அடுத்து, கறுப்பு முனையைப் பூச்சியக் கம்பியிலே முதலைவாய்க் கவ்வியினாற் பூட்டிவிடுக. சிவப்பு முனையை மட்டும் ஒரு கையாற் பிடித்து நகர்த்துக. இதனால் ஒரு கை ஓய்வாக இருக்கும். முனை வழுக்கி இரண்டு கம்பிகளைத் தொடுவதும் குறையும். கறுப்பு முனையை மறைக்கம்பியிலே வைத்துவிட்டு, "24 வோல்ற் வருகின்றதே, சில்லுகள் எரிந்துவிடுமே" என்று கலங்குவோர் பலர். நேருக்கும் மறைக்கும் இடையே 24 வருதல் முறையே.

முதல் விதி: மின்வழங்கியைத் தனியே சோதிக்கவேண்டும். இசையாக்கிப் பலகைகள் யாவற்றையும் கழற்றிவிடுக. நோயாளி படுக்கையில் இருக்கும்போது உறவினர் கூட்டத்தை வைத்தியர் வெளியே அனுப்புதல் இதனாலேதான்.

முதன்முறை மின்னூட்டும்போது, வானொலி திருத்துவோர் நெடுங்காலமாகக் கையாளும் ஓர் உபாயம் உண்டு. 40 அல்லது 60 உவாற்று இழை மின்குமிழ் ஒன்றை உயிர்க்கம்பியிலே தொடராக வைப்பது அது. இதற்கு எல்.ஈ.டி. மின்குமிழ் உதவாது. சுவிச்சைப் போட்டதும் மின்குமிழ் ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால், கொள்ளளவிகள் நிரம்பின, குற்றமில்லை என்பது பொருள். அது நின்று பிரகாசித்தால் உள்ளே குறுஞ்சுற்று உண்டு, உடனே நிறுத்துக. இந்த மின்குமிழ்ப் பெட்டியிலும் 230 வோல்ற் ஓடுவதால், தொழில் அறிந்த ஒருவரே அதனைச் செய்து தருதல் வேண்டும்.

பிறகு படிப்படியாக அளப்போம். இங்கேயும் 230 வோல்ற் பக்கத்தை மின்னோடு தொடவேண்டியதில்லை. மீற்றரை ஆடலோட்ட நிலையில் வைத்து நிலைமாற்றியின் வெளிச்சுற்றை அளக்க. நடுமுனைக்கும் ஒவ்வோர் ஓரமுனைக்கும் இடையே 15 முதல் 18 வரை வரவேண்டும். சுமையில்லாத சிறு நிலைமாற்றி தன் பெயரளவைவிடக் கூடக் காட்டுதல் இயல்பு. இரண்டு பக்கமும் பூச்சியமாயின், செருகியைக் கழற்றிவிட்டு உருகியையும் சுவிச்சையும் முதற்சுற்றையும் தொடர்ச்சி பார்க்க. ஒரு பக்கம் மாத்திரம் பூச்சியமாயின் அந்தச் சுற்றோ அதன் மூட்டோ அறுந்துள்ளது.

அடுத்த படியில் மீற்றரை நேரோட்ட நிலைக்கு மாற்றுக. 15 வோல்ற் என்பது சராசரி போன்ற ஒரு கணக்கு. அலையின் உச்சி அதனிலும் 1.414 மடங்கு, அதாவது 21 வோல்ற். இருவாயி ஒரு வோல்ற் அளவை உண்ணும். எனவே கொள்ளளவிகளிலே நேர்ப்பக்கம் 20 முதல் 24 வரையும் மறைப்பக்கம் அவ்வளவே மறையாகவும் காணவேண்டும். 15 போட்டேன், 23 வருகின்றது, நிலைமாற்றி பழுது என்று அதனைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவாருமுளர். பழுது நிலைமாற்றியிலில்லை, கணக்கிலே உள்ளது. ஒரு பக்கம் மாத்திரம் மிகக் குறைந்தால், மின்னை நிறுத்தி, இறக்கி, இருவாயிகளைத் தனித்தனி சோதிக்க. நல்ல இருவாயி ஒரு திசையிலே 0.5 முதல் 0.7 காட்டும், மறுதிசையிலே ஒன்றும் காட்டாது. கொள்ளளவியின் முனைகளையும் பார்க்க. மறைப்பக்கக் கொள்ளளவியின் நேர்முனை பூச்சியக் கம்பியிலே சேரவேண்டும். மறைப்பக்கம் என்றதும் அதனைத் தலைகீழாக வைத்துவிட்டால் அது சூடேறி வெடிக்கும். முகத்தை அதற்கு நேரே வைத்திருத்தல் ஆகாது.

ஐந்தாவது படியே பலரை வீழ்த்தும் படி. 7812-உம் 7912-உம் உருவத்திலே இரட்டைப் பிள்ளைகள், கால்களோ வேறு. எழுத்து நம்மை நோக்கி இருக்க இடமிருந்து வலமாக, 7812-க்கு உள்வரவு, பூச்சியம், வெளிவரவு என்பது முறை. 7912-க்குப் பூச்சியம், உள்வரவு, வெளிவரவு என்பது முறை. ஒன்றைப் பார்த்து மற்றதையும் அவ்வாறே பூட்டினால் அது இறக்கும். மேலும், முதுகிலுள்ள உலோகத் தகடு 7812-இலே பூச்சியத்தோடும், 7912-இலே நடுக்காலோடும், அதாவது மறை 20 வோல்ற்றோடும் இணைந்துள்ளது. இரண்டையும் ஒரே அலுமினியத் தகட்டிலே மைக்காத் துண்டும் காவலி வளையமும் இல்லாமற் பூட்டினால், மறைக்கம்பியும் பூச்சியமும் தகட்டின் வழியே சந்திக்கும். மின்வழங்கி மேசையிலே நன்றாக ஓடி, பெட்டிக்குள் வைத்ததும் இறந்தால், முதலில் இதனையே சந்தேகிக்க.

வெளிவரவு 11.5 முதல் 12.5 வரை இருந்தால் நிலைநிறுத்தி தன் இலக்கணப்படியே நடக்கின்றது. நேர் 11.9, மறை 12.1 என்றிருப்பது குற்றமன்று. இரண்டும் ஒரே எண்ணாக வேண்டுமென்று நல்ல சில்லுகளைக் கழற்றி வீசாதீர்கள். அசையாமல் நிற்கின்றதா என்பதே கேள்வி. எண்ணிலும் நிலைபேறே பெரிது. அதேவேளை, வெளிவரவிலும் 20 வோல்ற் வந்தால் அது பேராபத்து. நிலைநிறுத்தியின் பூச்சியக்கால் பற்றாசு பிடிக்காமல் விட்டுப்போயிருக்கலாம். அல்லது நிலைநிறுத்தியே குறுக்கிட்டிருக்கலாம். டி.எல். 072 போன்ற சில்லுகளின் எல்லை நேர் 18, மறை 18 ஆகும். 20 வோல்ற்றிலே அவை பிழைத்தல் அரிது. பலகைகளை முன்பே கழற்றிவிடச் சொன்னதன் பயன் இங்கே விளங்கும். 7912 ஒரு சுமையும் இல்லாதபோது சற்றுக் கூடக் காட்டினால், 2200 ஓம் தடையொன்றை அதன் வெளிவரவுக்கும் பூச்சியத்துக்கும் இடையே வைத்துப் பார்க்க. அதன் அருகே கொள்ளளவி இல்லாவிட்டால் அது தானே அலையத் தொடங்கும் குணமுடையது என்பதையும் நினைவிற் கொள்க.

சும்மா நிற்கையில் 12 காட்டுவது பெரிதன்று. சுமை ஏறியபின்னும் காட்டவேண்டும். 47 ஓம், 5 உவாற்றுத் தடையொன்றை வெளிவரவிலே தொடுத்தால் கால் அம்பியர் ஓடும். தடை சுடும், கையாற் தொடவேண்டாம். ஐந்து நிமிடம் அவ்வாறு விட்டு அளக்க. 12 அசையாமல் நின்றால் மின்வழங்கி தேறிவிட்டது. சிறிது நேரத்தின்பின் திடீரென விழுந்து, ஆறியபின் மீண்டு வந்தால், அது வெப்பத்தினால் தன்னைத்தானே காத்துக்கொள்கின்றது. 20 வோல்ற் உள்ளே, 12 வெளியே, அரை அம்பியர் ஓட்டம் என்றால் 4 உவாற்று வெப்பமாகும். தகடில்லாத நிலைநிறுத்தி அதனைத் தாங்காது.

இங்கே மாலைநேர வியாதி ஒன்றைக் கூறவேண்டும். பகலிலே இனிதாக ஒலிக்கும் கருவி, இரவு ஏழு மணிக்கு ரீங்காரமிடும். பேயுமன்று, கண்ணூறுமன்று. நிலைநிறுத்திக்கு உள்வரவு எப்போதும் 14 வோல்ற்றுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். சிக்கனம் கருதி 15-0-15-க்குப் பதிலாக 12-0-12 நிலைமாற்றி வாங்கினோம் என்க. அதன் உச்சி 17. இருவாயி போக 16. மேடுபள்ளம் போகப் பள்ளத்திலே 15. பகலில் அது போதும். மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்ற, 230 என்பது 216 ஆகும்போது, அந்தப் 15 என்பது 14-ஐத் தொடும். இன்னும் சிறிது இறங்கினால், விநாடிக்கு நூறு தடவை நிலைநிறுத்தி கைவிடும். அதுவே அந்த ரீங்காரம். கொள்ளளவி சிறிதாயினும் இதுவே விளையும். அரை அம்பியர் ஓட்டத்துக்கு 4700 மைக்ரோபரட் இருந்தால் மேடுபள்ளம் ஒரு வோல்ற் அளவு. 1000 மைக்ரோபரட் மாத்திரமாயின் 5 வோல்ற். ஒரு அம்பியர் என்று எழுதிய நிலைமாற்றியிலிருந்து அரை அம்பியர் நேரோட்டமே எதிர்பார்க்க வேண்டும் என்பதும் நல்ல விதி.

மின்வழங்கி தேறியபின் பலகைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க. ஒன்றைச் சேர், அள, எழுது, பின் அடுத்தது. ஒவ்வொரு முறையும் மின்னை நிறுத்தியே செருகவேண்டும். 1995 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலே டோப்ஃபர் நிறுவனம் தொடக்கிய அளவு முறையைப் பின்பற்றும் பலகைகளிலே, பட்டைக் கம்பியின் சிவப்புக் கோடு மறை 12-ஐக் குறிக்கும். சிவப்பு என்றால் நேர் என்று பழகிய கைகள் இங்கே ஏமாறும். தலைகீழாகச் செருகினால் பலகை போயிற்று. ஒவ்வொரு பலகையின் வாயிலிலும் நேருக்கொன்றும் மறைக்கொன்றுமாகப் 10 ஓம் தடைகளை வைத்தல் சாலச் சிறந்தது. அத்தடையின் இரு முனைகளுக்கும் இடையிலான வோல்ற்றளவைப் பத்தினால் வகுத்தால் ஓட்டம் தெரிந்துவிடும், கம்பியை வெட்டவேண்டியதில்லை. டி.எல். 072 ஒன்று 3 மில்லியம்பியர் அளவு உண்ணும். நான்கு சில்லுகள் உள்ள பலகையிலே அத்தடையில் 0.12 வோல்ற் கண்டால் சரி. 2 வோல்ற் கண்டால் 200 மில்லியம்பியர் ஓடுகின்றது. அப்பலகையிலே ஒரு சில்லு தலைகீழாக இருக்கின்றது, அல்லது பற்றாசுத் துளி ஒன்று இரு வழிகளைச் சேர்த்திருக்கின்றது. ஒரு பலகையைச் சேர்த்ததும் 12 என்பது 9 ஆக விழுந்தால் குற்றவாளி அப்பலகையே. பத்துப் பலகையையும் ஒருங்கே சேர்த்திருந்தால் பத்து வீடுகளிலும் தேடவேண்டிவரும்.

பூச்சியக் கம்பியைப்பற்றி இரண்டு வார்த்தை. ஒன்றுமில்லாதது என்று அதனை எவரும் மதிப்பதில்லை. ஆனால் எல்லாம் அதனையே பற்றி நிற்கின்றன. நேருக்கும் மறைக்கும் இடையே சரியாக 24 இருக்க, பலகையின் பூச்சியத்திலிருந்து அளக்கும்போது நேர் 17, மறை 7 என்று வந்தால், நிலைநிறுத்திகளைக் குறைகூறாதீர்கள். அப்பலகைக்குப் போகும் பூச்சியக் கம்பி அறுந்து மிதக்கின்றது. அறாமல் மெலிந்திருந்தாலும் தீங்குண்டு. 0.1 ஓம் தடையுள்ள கம்பியிலே 0.1 அம்பியர் ஓடினால் 10 மில்லிவோல்ற் பிறக்கும். அது பிரமாண சுருதியிலே பாதிக்கு மேல். மினுக்கும் விளக்கொன்று எரிந்தணையும் போதெல்லாம் சுரம் நடுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆகவே பூச்சியக் கம்பிகளை மாலைபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்காமல், தேர்ச்சில்லின் ஆரங்கள் குடத்திலே சேர்வதுபோல, ஒவ்வொரு பலகையிலிருந்தும் தனித்தனியே தடித்த கம்பியை ஓரிடத்துக்குக் கொண்டுவருக.

ரீங்காரத்திலும் இரு வகையுண்டு. 50 அலையுள்ள தாழ்ந்த ஓசை வந்தால் புவிக்கம்பிச் சுழற்சியையோ, நிலைமாற்றியின் அருகே செல்லும் கம்பியையோ, ஓர் இருவாயி அறுந்ததையோ பார்க்க. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 100 அலையுள்ள ஓசையாயின் கொள்ளளவியையும் உள்வரவின் பள்ளத்தையும் பார்க்க. சுருதி அறிந்த காதே இங்கு ஒரு மீற்றராகின்றது. பண்ணிசை வகுப்பிலே பயின்ற பிள்ளை இவ்விரண்டையும் ஒரு கணத்திலே பிரித்தறியும். நம் மன்றத்துப் பிள்ளைகளுக்கு இது கைவந்த செல்வம்.

அன்பர்களே! மேற்கூறிய யாவற்றையும் ஒரு சிறு கொப்பியிலே எழுதிவைத்தல் வேண்டும். தேதி, நேரம், எந்தப் படி, எத்தனை வோல்ற், சுமை உண்டா இல்லையா என்ற ஐந்தும் போதும். இன்று 20.4 இருந்த இடத்திலே ஆறு மாதத்தின் பின் 17 வந்தால், கருவி வாய்திறந்து நோயைச் சொல்லிவிட்டது. எழுதாதவருக்கு அது வெறும் எண். எழுதியவருக்கு அது செய்தி. பதறாத காரியம் சிதறாது என்பர். இக்கொப்பியே பதற்றத்துக்கு மருந்து.

மூத்தோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இளைஞர் இரவிலே விளக்கை எரித்துக்கொண்டு கம்பிகளோடு கிடப்பதைக் கண்டால், வீண்வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தடுத்தால் அவர்கள் ஒளிந்து செய்வர். ஒளிந்து செய்யும் மின்வேலையே ஆபத்தானது. செருகி கழன்றிருக்கின்றதா, புவிக்கம்பி பூட்டியிருக்கின்றதா என்று பக்கத்திலிருந்து கேளுங்கள். மின்தொழில் தெரிந்த ஒருவரை வாரத்தில் ஒருநாள் மன்ற மண்டபத்துக்கு அழைத்து, 230 வோல்ற் பக்கத்தை அவர் மேற்பார்வையிலே முடிக்கச் செய்யுங்கள். ஒரு நல்ல மீற்றரும் ஒரு தொடர் மின்குமிழ்ப் பெட்டியும் மன்றத்துக்குப் பொதுவாக இருந்தால் பத்து வீடுகளுக்குப் பயன்படும்.

இளைஞர்களே! உங்களுக்குக் கூறுவது ஒன்றே. கருவி பேசாவிட்டால் அதனை ஏசாதீர்கள், உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள். செருகியைக் கழற்றுங்கள். கொள்ளளவியை இறக்குங்கள். பலகைகளை அகற்றுங்கள். முதற்படியிலிருந்து ஒவ்வொன்றாக அளந்து வாருங்கள். ஐந்து படிகளுள் எங்கேயோ ஓரிடத்தில் எதிர்பார்த்த எண் வராது. அந்தப் படிக்கும் அதற்கு முந்திய படிக்கும் இடையிலேதான் குற்றம் இருக்கின்றது. அதற்குமேல் ஊகத்துக்கு இடமில்லை. சுருதியைச் சேர்த்தபின் பாடத் தொடங்குவதுபோல, வோல்ற்றளவைச் சேர்த்தபின் இசையைத் தேடுங்கள். அவ்வாறு தேடிச் செய்த கருவிகள் அடுத்த ஆண்டு விழாவிலே இம்மேடையில் ஒலிக்கவேண்டும் என்பது நமது விருப்பம்.